பாடமா, பட்டமா, பல்கலைக்கழகமா: மாணவர் கற்றதை எந்த நிலையில் அளப்பது?

ஒரு துறையில் எட்டு ஆசிரியர்கள். தேர்வு, விடைத்தாள் திருத்தம் போன்ற வழக்கமான வேலைகள் போக, மாணவர்கள் உண்மையில் என்ன கற்றார்கள் என்று பார்க்க ஆளுக்கு ஐந்து மணி நேரம் ஒதுக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 40 மணி நேரம். ஒரு பருவத்தில் இதற்கு மேல் கேட்டால் முகம் சுளிப்பார்கள். கேட்காமலே பிடுங்கினால் படிவத்தை மட்டும் நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இந்த 40 மணி நேரத்துக்கு மூன்று பேர் போட்டி போடுகிறார்கள். "என் பாடத்தில் எந்த இடத்தில் புரியாமல் போகிறது என்று பார்க்க விடுங்கள்" என்கிறார் ஆசிரியர். "நான்கு வருடம் படித்து முடித்து வெளியே போகிறவர்களுக்கு என்ன செய்யத் தெரிகிறது என்று பார்ப்போம்" என்கிறார் துறைத் தலைவர். நிர்வாகமோ, எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக ஒரு தேர்வு வைத்து, பல்கலைக்கழகத்துக்கென்று ஓர் எண் வேண்டும் என்கிறது. மூன்றையும் செய்துவிடலாமே என்பது கூட்டத்தில் எல்லோரையும் சமாதானப்படுத்தும் பதில். ஆனால் 40 மணி நேரத்தை மூன்றாகப் பிரித்தால் மூன்றும் அரைகுறையாகத்தான் நிற்கும்.

இதில் நான் கையில் வைத்துக்கொண்டிருப்பது ஒரே கேள்விதான். முடிவு மோசமாக வந்தால் அடுத்த பருவத்தில் எதை மாற்றுவீர்கள், அதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அந்த ஆள் எந்த நிலையில் இருக்கிறாரோ, அந்த நிலையில் அளப்பதுதான் பயன்படும்.

பாட நிலை

இங்கே அளப்பவரும் மாற்றுபவரும் ஒருவரே. இதைவிடப் பெரிய வசதி வேறு எந்த நிலையிலும் கிடையாது. வகுப்பு முடியும் முன் ஒரு துண்டுத் தாளைக் கொடுத்து, 'இன்று கற்றதில் முக்கியமானது எது? இன்னும் புரியாதது எது?' என்று இரண்டே கேள்வி கேட்கும் பழக்கம் பல கல்லூரிகளில் உண்டு. ஐந்து நிமிட வேலை. முப்பது தாளில் பதினெட்டு ஒரே இடத்தைச் சுட்டினால், மறுநாள் வகுப்பை அங்கிருந்து தொடங்கலாம். அறிக்கை வேண்டாம், குழு வேண்டாம்.

பாட நிலை அளவீடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இயற்பியல் ஆசிரியர்களின் கதைதான் எனக்குத் தெரிந்த மிக நல்ல எடுத்துக்காட்டு. 1992இல் ஹெஸ்டினஸ், வெல்ஸ், ஸ்வாக்ஹாமர் ஆகிய மூவரும் விசையைப் பற்றி ஒரு வினாத்தாளை வெளியிட்டார்கள். அதில் சூத்திரமோ கணக்கோ இல்லை. லாரியும் காரும் மோதினால் எது எதன் மேல் அதிக விசை செலுத்தும் என்பது போன்ற, அன்றாட மொழியில் அமைந்த பலவுள் தெரிவு வினாக்கள். ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மஸூர் தன் மாணவர்களுக்கு இந்த வகை வினாக்களைக் கொடுத்துப் பார்த்தார். கடினமான கணக்குகளைச் சரியாகப் போட்டவர்கள் இந்த எளிய கேள்விகளில் தடுக்கி விழுந்தார்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி பதில் எழுதுவதா, நான் வழக்கமாக நினைப்பதுபோல எழுதுவதா என்று ஒரு மாணவர் கேட்டாராம். மஸூர் பாடம் நடத்தும் முறையையே மாற்றிக்கொண்டார்.

1998இல் ரிச்சர்ட் ஹேக், இந்த வகை வினாத்தாளைப் பாடத்துக்கு முன்பும் பின்பும் எழுதிய 62 பாட வகுப்புகள், 6,542 மாணவர்களின் முடிவுகளைத் தொகுத்தார். முன்தேர்வில் தவறவிட்டதில் எவ்வளவு பங்கைப் பின்தேர்வில் மீட்டார்கள் என்பது அவர் எடுத்த கணக்கு. விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரியாக 23 விழுக்காடு. மாணவர்கள் பேசி, விவாதித்து, செய்துபார்த்த வகுப்புகளில் 48 விழுக்காடு. இதையெல்லாம் ஆசிரியர்கள் தங்கள் வகுப்பறைக்குள்ளேயே செய்து முடித்தார்கள்.

சரி, அப்படியானால் 40 மணி நேரத்தையும் ஆசிரியர்களுக்கே கொடுத்துவிடலாமா? அங்கேதான் சிக்கல். புள்ளியியல் பாடத்தில் நம்பக இடைவெளியை (மாதிரியிலிருந்து எடுத்த முடிவு எவ்வளவு விலகியிருக்கலாம் என்ற வரம்பை) சரியாகக் கணக்கிட்டு முதல் வகுப்பு வாங்கிய மாணவர், இரண்டு வருடம் கழித்துத் திட்ட அறிக்கையில் ஒன்பது பேரிடம் கேட்ட பதிலை வைத்து 'பெரும்பான்மையோர் விரும்புகிறார்கள்' என்று எழுதுகிறார். புள்ளியியல் ஆசிரியரின் ஏட்டில் அவர் கற்றுவிட்டார். திட்ட வழிகாட்டியோ, புள்ளியியல் தன் வேலை இல்லை என்று நினைக்கிறார். ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியாக எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும் இந்த ஓட்டை கண்ணில் படாது, ஏனென்றால் அது இரண்டு பாடங்களுக்கு நடுவில் இருக்கிறது.

மதிப்பெண்கள்தான் ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றனவே, அவற்றைக் கூட்டிப் பார்த்தால் போதாதா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். போதாது. ஒரே பாடத்தில் இருவர் 65 வாங்கியிருக்கிறார்கள். ஒருவருக்குச் சமன்பாட்டை வருவிக்க வரும், முடிவை விளக்க வராது. மற்றவர் நேர் எதிர். 65 என்ற எண்ணுக்குள் இந்த வேறுபாடு கரைந்துவிட்டது. அதோடு வருகைக்கு ஐந்து, தாமதத்துக்குக் கழித்த மூன்று, சாய்ஸில் விட்டுவிட்ட அலகு எல்லாம் அதே எண்ணுக்குள்தான் இருக்கின்றன. போதாக்குறைக்குத் திருத்துபவர்களும் வேறு வேறு ஆட்கள். 1912இல் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் இருவரும் பள்ளி மாணவர்களின் ஆங்கில விடைத்தாள் இரண்டைப் படியெடுத்து ஆசிரியர்களுக்கு அனுப்பி, 142 பேர் திருத்தியதை ஒப்பிட்டார்கள். ஒரு தாளுக்கு 64 முதல் 98 வரை மதிப்பெண் வந்தது. இன்னொன்றுக்கு 50 முதல் 97 வரை. கட்டுரை என்றால் அப்படித்தான் என்று சிலர் சொல்லவே, அடுத்த வருடம் வடிவியல் தாளை அனுப்பினார்கள். அதற்கு 28 முதல் 95 வரை வந்தது! நூறு வருடத்துக்கு முந்தைய கதைதான். ஆனால் விடைத்தாள் திருத்தும் அறையில் ஒரு நாள் உட்கார்ந்தவர் யாரும் இதைப் பழங்கதை என்று சொல்லமாட்டார்.

பட்டப்படிப்பு நிலை

இதற்குப் புதிதாகத் தேர்வு எதுவும் வேண்டாம். மாணவர்கள் ஏற்கெனவே எழுதிக் கொடுத்ததை, மதிப்பெண் போட்டவரல்லாத வேறு இருவர் வேறு கண்ணால் மறுபடி படிப்பதுதான் வேலை. 40 மணி நேரத்துக்குள் இது எப்படி அடங்கும் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம்.

இறுதியாண்டுத் திட்ட அறிக்கைகளிலிருந்து 50ஐக் குலுக்கி எடுங்கள். பெயரை மறைத்துவிடுங்கள். முழு அறிக்கையும் வேண்டாம், தரவை விளக்கும் இயலும் முடிவுரையும் போதும். ஒவ்வொன்றையும் இரண்டு பேர் படிக்க வேண்டும், ஒருவருக்குப் பதினைந்து நிமிடம். இதற்கு 25 மணி நேரம். படிக்கத் தொடங்கும் முன் எட்டுப் பேரும் ஒரு மணி நேரம் கூடி, ஒரே அறிக்கைக்கு மதிப்பிட்டு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதற்கு 8 மணி நேரம். மிச்சம் ஏழு மணி நேரம். அதில் எல்லோரும் கூடி முடிவைப் பற்றி ஐம்பது நிமிடம் பேசலாம். அவ்வளவுதான், 40 தீர்ந்தது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒரே பானையில் ஒரே தீயில் வெந்த சோற்றுக்கு அது சரி. மாணவர்கள் ஒரே மாதிரி வெந்தவர்கள் அல்லவே. ஐம்பது அறிக்கைகளைக் குலுக்கி எடுத்தாலும், 'பாதிப் பேருக்கு வருகிறது' என்ற முடிவு 14 விழுக்காட்டுப் புள்ளிகள் மேலேயோ கீழேயோ விலகியிருக்கலாம். நூறு எடுத்தால் இந்த விலகல் 10 ஆகக் குறையும், ஆனால் வேலை இரண்டு மடங்காகிவிடும். பாடத்திட்டத்தில் எங்கே கை வைப்பது என்று தீர்மானிக்க ஐம்பதே போதும் என்பது என் கணிப்பு. இந்த வருடம் 52, போன வருடம் 47, ஆகவே முன்னேறிவிட்டோம் என்று மார்தட்டிக்கொள்ள மட்டும் அது போதாது. வருடத்துக்குப் பன்னிரண்டே மாணவர்கள் படித்து முடிக்கும் துறையில் விழுக்காடே எழுதாதீர்கள். மூன்று வருட அறிக்கைகளைச் சேர்த்து எல்லாவற்றையும் படித்துவிடுங்கள்.

எதை வைத்து மதிப்பிடுவது? ரூப்ரிக் எனப்படும் அளவுகோல் வேண்டும். இடப்பக்கம் மூன்று நான்கு கூறுகள், வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் நான்கு படிநிலைகள், ஒவ்வொரு படிநிலையிலும் அறிக்கையில் என்ன தென்பட வேண்டும் என்ற விவரிப்பு. அமெரிக்கக் கல்லூரிகளின் கூட்டமைப்பு ஒன்று 2009இல் எழுத்து, திறனாய்வுச் சிந்தனை போன்றவற்றுக்கு நான்கு படிநிலை அளவுகோல்களைப் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்டது. 'வேல்யூ' ரூப்ரிக் என்று தேடினால் கிடைக்கும். அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, வெட்டி ஒட்டி உங்கள் துறைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். 'மிக நன்று, நன்று, சுமார்' என்று மட்டும் நிரப்பிய கட்டங்களை ரூப்ரிக் என்று சொல்லிக்கொள்வதுதான் கூடாது.

ஒரே அறிக்கைக்கு ஒருவர் 4 போடுவார், இன்னொருவர் 1 போடுவார். முதல் கூட்டத்தில் கண்டிப்பாக இது நடக்கும். பயப்பட வேண்டாம், 40 மணி நேரத்தில் மிகவும் பயனுள்ள பகுதியே அதுதான். 'நல்ல வாதம்' என்றால் என்னவென்று பத்து வருடமாகப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தவரோடு ஒரு முறைகூடப் பேசியதில்லை என்பது அப்போதுதான் உறைக்கும். மாணவர் குழம்பியதற்கு இதுவே பாதிக் காரணமாக இருக்கலாம்.

இதோடு செய்ய வேண்டிய இன்னொரு வேலையும் உண்டு. படிப்பு முடிவதற்குள் வந்திருக்க வேண்டிய ஒரு திறன் எந்தப் பாடத்தில் அறிமுகமாகிறது, எதில் பயிற்சி பெறுகிறது, எதில் முதிர்கிறது என்று ஒரு தாளில் வரைந்து பார்ப்பது. எட்டுப் பாடங்களில் 'அறிமுகம்', பயிற்சி ஒன்றில்கூட இல்லை என்று தெரியவரும்போது அறிக்கைகள் ஏன் அப்படி இருந்தன என்பது விளங்கிவிடும்.

இங்கே ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்த வரைபடத்தையே வேறு மாதிரி ஆக்கிவைத்திருக்கும் வழக்கம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் பாட நோக்கங்கள், மறுபக்கம் பட்டப்படிப்பு நோக்கங்கள், நடுவில் 1, 2, 3 என்று தொடர்பின் வலிமை. அதைத் தேர்வு மதிப்பெண்ணோடு பெருக்கி, கூட்டி, வகுத்தால் அடைவு 2.14 என்று வரும். பட்டியலில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 2, 3 எல்லாம் ஒருவர் இரவோடு இரவாகத் தோராயமாக இட்டவை. அந்த 2.14ஐ வைத்துக்கொண்டு திங்கட்கிழமை எந்த வகுப்பில் எதை மாற்றுவது? ஏட்டுச் சுரைக்காய். பாட மதிப்பெண்ணிலிருந்து கணக்குப் போட்டே பட்டப்படிப்பு நிலைக்கு ஏறிவிடலாம் என்ற நினைப்புதான் இதற்கு அடிப்படை. மேலே சொன்ன ஒன்பது பேர் விவகாரம் அந்தக் கணக்கில் ஒருநாளும் சிக்காது.

எத்தனை திறன்களை அளப்பது என்பதிலும் பேராசை கூடாது. பொறியியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் அமெரிக்காவின் ஏபெட் அமைப்பு நீண்ட காலம் மாணவர் அடைவுகளை 11 என்று வைத்திருந்தது. சில ஒன்றையொன்று சார்ந்திருந்தன, சிலவற்றை அளக்கவே முடியவில்லை. 2019–20 முதல் அவை 7 ஆகிவிட்டன. அங்கீகாரம் தரும் அமைப்பே குறைத்துக்கொள்ளும்போது, ஒரு துறை ஒரு வருடத்தில் ஒன்றிரண்டை எடுத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பட்டப்படிப்பு நிலைக்கு உள்ள உண்மையான பலவீனம் வேகக் குறைவு. முடிவு வரும்போது அந்த மாணவர்கள் படிப்பை முடித்துப் போயிருப்பார்கள், பலன் அடுத்த அணிக்குத்தான். அப்புறம், பாடம் ஆசிரியரின் தனிச்சொத்து என்று நினைக்கும் துறைகளில் இந்த அளவீடு சுவரில் மோதி நின்றுவிடும். குறை எங்கே என்று கண்டுபிடித்த பிறகும் 'உங்கள் மூன்றாம் பருவப் பாடத்தில் இதைச் சேருங்கள்' என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. அப்படிப்பட்ட துறையாக இருந்தால் 40 மணி நேரத்தை ஆசிரியர்களுக்கே கொடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

பல்கலைக்கழக நிலை

நிர்வாகம் கேட்கும் அந்த ஒற்றை எண்ணைப் பெற முயன்றவர்கள் உண்டு. அமெரிக்காவில் 2000களின் தொடக்கத்தில் வந்த சிஎல்ஏ தேர்வு அதில் பெயர் பெற்றது. செய்தித் துணுக்கு, வரைபடம், கடிதம் என்று ஒரு கட்டுத் தாள்களைக் கொடுத்து, இவற்றைப் படித்து ஒரு பரிந்துரை எழுது என்று சொல்வார்கள். தேர்வு வடிவம் என்ற அளவில் எனக்கு அது பிடிக்கும். அதில் வரும் எண்ணைத்தான் அவ்வளவாக நம்புவதில்லை. மாணவருக்கு அதனால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இது போன்ற ஒரு பொதுத் தேர்வில் மாணவர்களிடம் வெவ்வேறு விதமாகச் சொல்லிப் பார்த்து 2012இல் ஓர் ஆய்வு வெளியானது. மதிப்பெண் வேலை தருபவர்களுக்கோ ஆசிரியர்களுக்கோ போகலாம் என்று கேள்விப்பட்டவர்கள், அப்படிச் சொல்லப்படாதவர்களைவிட நன்றாகவே எழுதினார்கள். அக்கறையில்லாமல் எழுதிய தாளிலிருந்து பல்கலைக்கழகத்தின் தரத்தைப் படிக்க முடியாது.

பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த ஓஈசிடி என்ற பொருளாதார அமைப்பு இதையே உலக அளவில் செய்ய நினைத்தது. அஹெலோ என்ற பெயரில் 17 நாடுகளில் சுமார் 23,000 மாணவர்களை வைத்துச் சோதனை ஓட்டம் நடத்தினார்கள். முழு ஓட்டம் நடக்கவே இல்லை.

கருத்துக்கணிப்பு மலிவு என்று அந்தப் பக்கம் போகிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் 2000 முதல் நடக்கும் என்எஸ்எஸ்ஈ போன்ற மாணவர் கணிப்புகள், மாணவர்கள் எவ்வளவு நேரம் படிக்கிறார்கள், ஆசிரியரோடு எவ்வளவு பேசுகிறார்கள் என்றெல்லாம் நன்றாகவே காட்டும். ஆனால் எவ்வளவு கற்றீர்கள் என்று மாணவரிடமே கேட்பது வேறு விஷயம். 2019இல் ஹார்வர்ட் இயற்பியல் வகுப்புகளில் வந்த முடிவைப் பாருங்கள். தாங்களே முயன்று செய்த வகுப்பில் மாணவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். நல்ல விரிவுரை, கற்றுவிட்டோம் என்ற நிறைவை இலவசமாகத் தந்துவிடுகிறது.

மொத்த எண்ணில் ஒளிந்திருக்கும் இன்னோர் ஆபத்துக்குக் கற்றல் சம்பந்தப்படாத, ஆனால் மிகத் தெளிவான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1973இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் சுமார் 44 விழுக்காட்டினருக்கு இடம் கிடைத்தது, பெண்களில் 35 விழுக்காட்டினருக்குத்தான். துறை துறையாகப் பிரித்துப் பார்த்தால் பெண்களுக்கு எதிரான சாய்வு மறைந்துவிட்டது, சில துறைகளில் தலைகீழாகவே இருந்தது. இடம் கிடைப்பது கடினமான துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். கற்றல் மதிப்பீட்டிலும் இது நடக்கலாம். எல்லாத் துறைகளும் முன்னேறியிருக்க, மாணவர் சேர்க்கையின் விகிதம் மாறியதால் பல்கலைக்கழக எண் மட்டும் இறங்கும். அதைப் பார்த்துவிட்டு ஒரு சுற்றறிக்கை வரும்.

அதற்காகப் பல்கலைக்கழக நிலையே வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலாண்டுப் பொதுப் பாடங்கள், எழுத்துப் பயிற்சி மையம், நூலகப் பயிற்சி, பாதியில் நின்றுவிடும் மாணவர்கள் ஆகியவற்றில் ஒரு தனித்துறையால் ஒன்றும் செய்ய முடியாது. மாற்றும் அதிகாரம் மேலே இருக்கிறது, ஆகவே மேலேதான் அளக்க வேண்டும். அதற்கும் துறைகள் ஏற்கெனவே படித்த அறிக்கைகளையே பயன்படுத்தலாம். ஐந்து துறைகள் தனித்தனியாகப் பார்த்தும் 'ஆதாரத்தோடு வாதிடத் தெரியவில்லை' என்றே எழுதியிருந்தால், அது பல்கலைக்கழகத்தின் முடிவாகிவிடுகிறது.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் உள்ள அல்வெர்னோ கல்லூரி இந்தச் சண்டையே இல்லாமல் செய்தது. 1973இலேயே எட்டுத் திறன்களை வரையறுத்து, ஒவ்வொரு பாடமும் எந்தத் திறனை எந்தப் படிநிலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பாடத்திட்டத்தையே அதன் மேல் கட்டினார்கள். அங்கே மூன்று நிலையும் ஒன்றுதான். ஆனால் அது சிறிய கல்லூரி. அடித்தளத்திலிருந்து அப்படிக் கட்ட மனம் ஒத்த ஆசிரியர்களும் அங்கே இருந்தார்கள். ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் அதை அப்படியே நட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பேன்

பாதிப் பேர் தோற்கும் ஒரு முதலாண்டுப் பாடம் கையில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், பாட நிலைதான். தீ எங்கே என்று தெரிந்த பிறகு ஊர் முழுக்கப் புகை தேடத் தேவையில்லை. அப்படி வெளிப்படையான பிரச்சினை எதுவும் இல்லை, எல்லோரும் தேறுகிறார்கள், ஆனாலும் ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறதா? பெரும்பாலான துறைகள் இந்த நிலையில்தான் இருக்கின்றன. அங்கே முதல் பருவத்தின் 40 மணி நேரத்தைப் பட்டப்படிப்பு நிலைக்குக் கொடுப்பேன். அடுத்த பருவத்தின் 40ஐ, அந்த வாசிப்பு சுட்டிக்காட்டிய இரண்டு மூன்று பாடங்களின் ஆசிரியர்களுக்குக் கொடுப்பேன். புள்ளியியல் ஆசிரியரும் திட்ட வழிகாட்டியும் சேர்ந்து மூன்றாம் பருவத்தில் சின்ன மாதிரியை வைத்து முடிவு எழுதும் ஒரு பயிற்சியை நுழைப்பார்கள். இரண்டு வருடம் கழித்து, அதே ரூப்ரிக்கோடு மறுபடி ஐம்பது அறிக்கை. அதுவரை ரூப்ரிக்கில் கை வைக்காமல் இருப்பது மிகக் கடினம், எல்லோருக்கும் அதைத் திருத்த ஆசை வரும்.

ஒரே ஒரு நிபந்தனை போடுவேன். இந்த முடிவுகள் ஆசிரியரின் பதவி உயர்வுக் கோப்புக்குள் போகக் கூடாது. ஓர் அளவு முடிவெடுக்கும் கருவியானால் அந்த அளவே கெட்டுப்போகும் என்று சமூக அறிவியலாளர் டொனால்ட் கேம்பெல் 1970களிலேயே எழுதிவிட்டார். அந்தக் கோப்புக்குள் போனால் அடுத்த வருடம் எல்லா அறிக்கைகளும் 4 வாங்கியிருக்கும்.

நிர்வாகத்துக்கு எண் ஒன்று கொடுத்தே தீர வேண்டும் என்றால், சராசரி 2.6 என்று கொடுக்காதீர்கள். '50 அறிக்கைகளில் 31இல் மாதிரியின் அளவுக்கு மீறிய முடிவு எழுதப்பட்டிருக்கிறது, மூன்றாம் பருவத்தில் இதற்குப் பயிற்சி சேர்க்கிறோம், ஓர் ஆய்வக உதவியாளர் தேவை' என்று எழுதிக் கொடுங்கள்.